லண்டன் ரயிலில் கூடுதல் கட்டணம் பிடித்துக்கொள்கிறார்களா?

லண்டனில் ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டோ வங்கிக் கார்டோ தட்டிப் பயணிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஒரே கார்டைத்தான் பயன்படுத்துகிறோமா என்பதை. போனில் உள்ள கார்டும் பர்ஸில் உள்ள கார்டும் ஒரே வங்கிக் கணக்கின் கார்டுதான் என்றாலும், இயந்திரத்துக்கு அவை இரண்டு தனிக் கார்டுகள். உள்ளே போகும்போது போனையும் வெளியே வரும்போது கார்டையும் தட்டினால், முடிக்காமல் விட்ட பயணங்கள் இரண்டு என்று கணக்காகி, இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் போய்விடும். ஒரு நாளைக்கு இதற்கு மேல் எடுக்கமாட்டோம் என்ற உச்சவரம்பும் கார்டுக்குக் கார்டு தனித்தனிதான்.

கேட் இல்லாத நிலையங்களில் கார்டு ரீடரை மறக்காமல் தேடிப்போய்த் தட்டுங்கள். பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும்.

அப்புறம் அந்த பிங்க் நிற ரீடர்கள். பலர் கவனிப்பதே இல்லை. நகர மையமான முதல் மண்டலத்துக்குள் போகாமல் சுற்றிப் போகிறவர்கள், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் போன்ற நிலையங்களில் ரயில் மாறும்போது அதில் ஒருமுறை தட்ட வேண்டும். இல்லையென்றால் மையம் வழியாகப் போனதாகவே கணக்குப் போடக்கூடும்.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் ரயில் கட்டணம் பொதுவாகக் கூடுதல். 9.25-க்கு நிலையத்துக்கு வந்துவிட்டீர்களா? சரி, ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போங்கள்.