கட்டற்ற மென்பொருளைச் சொந்தச் சரக்கோடு சேர்த்து விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் சிறு கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் வருடாவருடம் புதிதாக வந்து சேருகிறார்கள். கேரளப் பள்ளிகளில் குனு/லினக்ஸிலேயே கணினி படித்தவர்கள், டெர்மினலைக் கண்டு தயங்காதவர்கள். ஆனால் மென்பொருளோடு வரும் லைசென்ஸ் கோப்பை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் இங்கே எல்லோரும் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவதை) விற்கலாமா, கூடாதா என்பது போன்ற கேள்விகளை விட்டுவிடுகிறேன் (தாராளமாக விற்கலாம்). விலை கொடுக்க வைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சரக்கு போன அன்றே சோர்ஸை எடுத்து வைக்காதது

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவ்வளவு சுலபமாகத் தவிர்க்கக்கூடிய தவறு இது. சோர்ஸ் என்றால் புரோகிராமர் எழுதிய மூல நிரல்; அதைக் கம்பைல் செய்தால் வருவது, கணினி ஓட்டும் பைனரி.

இங்கே ஒரு நிறுவனம் பால் சொசைட்டிகளுக்கு ஒரு கருவி செய்தது. பாலின் எடையையும் கொழுப்பையும் வாங்கிக்கொண்டு, தமிழிலும் மலையாளத்திலும் ரசீது அடித்துத் தரும். உள்ளே லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), யூ-பூட் (கருவியைத் தொடங்கி வைப்பது), பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) எல்லாம் உண்டு. மூன்றும் கட்டற்ற மென்பொருள். போர்டு விற்றவர் கொடுத்த எஸ்டிகேயை (மென்பொருள் கட்டும் கருவித் தொகுப்பை) அப்படியே எடுத்து, அதன் மேல் தங்கள் சொந்தக் கணக்குப் புரோகிராமை ஏற்றியிருந்தார்கள். கருவி நன்றாகவே விற்றது.

ஒரு சொசைட்டியில் கணக்குப் பார்க்கும் இளைஞர் சீரியல் கேபிளைச் செருகியிருக்கிறார். திரையில் பிஸிபாக்ஸ் பெயரும் பதிப்பு எண்ணும் வந்தன. முறையாகச் சோர்ஸ் கேட்டுக் கடிதம் எழுதினார். "கெர்னல் டாட் ஓஆர்ஜியில் கிடைக்கும்" என்று, கெர்னலின் பொது இணையதளத்தைக் காட்டி, ஒரு வரியில் பதில் போனது. அவர் விடவில்லை. "அங்கே இருக்கும் கெர்னலில் இந்தத் தொடுதிரைக்கான டிரைவரே இல்லையே, இந்தப் பெட்டியில் ஓடுகிற கெர்னலின் சோர்ஸ் எங்கே?" என்று மறுபடி எழுதினார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். இமேஜை (பெட்டியில் ஏற்றும் முழு மென்பொருள் கோப்பை) கட்டிய பொறியாளர் பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் லேப்டாப்பை ஃபார்மட் செய்து வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. போர்டு விற்றவர் தந்த டவுன்லோடு லிங்க் செத்துப் போயிருந்தது. கெர்னலைக் கட்டியபோது தேர்ந்த அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பு எவரிடமும் இல்லை. கொல்லங்கோட்டில் ஓடும் பெட்டியில் எந்தப் பேட்ச் (சோர்ஸில் செய்த திருத்தம்), மீனாட்சிபுரத்தில் ஓடும் பெட்டியில் எந்தப் பேட்ச் என்று சொல்ல ஆளில்லை. அதே சமயம் மொத்தமாக வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரர்கள் லைசென்ஸ் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் இல்லை என்றதும் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் புதிய கெர்னலை எடுத்து, டிரைவரை ஆரம்பத்திலிருந்து எழுதி, காலைப் பால் முடிந்த நேரம் பார்த்து ஒவ்வொரு சொசைட்டியாகப் போய் மாற்றினார்கள். கணக்குப் புரோகிராமில் ஒரு வரிகூட முன்னேறாமல் மாதக்கணக்கில் சம்பளம் போனது.

ஜிபிஎல் என்பது, மென்பொருளைக் கொடுப்பவர் சோர்ஸையும் தர வேண்டும் என்று சொல்லும் கட்டற்ற மென்பொருள் லைசென்ஸ். அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது. கெர்னலும் பிஸிபாக்ஸும் அந்தப் பதிப்பின் கீழ்தான் வருகின்றன. மூன்றாம் பிரிவை ஒரு முறையாவது முழுக்கப் படியுங்கள். பைனரியோடு சோர்ஸையும் சேர்த்தே கொடுக்கலாம். அல்லது, கேட்பவர் யாராக இருந்தாலும், அனுப்பும் செலவுக்கு மேல் வாங்காமல் சோர்ஸ் தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்கலாம். அந்த உறுதி குறைந்தது மூன்று வருடம் செல்ல வேண்டும். "எனக்குக் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று கைகாட்டும் மூன்றாவது வழி வணிக நோக்கமில்லாமல் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான். காசு வாங்கி விற்கும் நமக்கு அது கிடையாது. போர்டு விற்றவர் சோர்ஸ் தரவில்லை என்பது அவருக்கும் உங்களுக்கும் உள்ள வழக்கு. உங்கள் பெட்டியை வாங்கியவருக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

சோர்ஸ் என்பதும் வெறும் சி கோப்புகள் அல்ல. கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம் என்று லைசென்ஸே சொல்கிறது. அதனால் நான் ஒவ்வொரு இடத்திலும் கையாளும் முறை இதுதான்: ரிலீஸ் போகும் நாளில் கெர்னல், பேட்ச், கான்ஃபிக், பில்டு ஸ்கிரிப்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு எண்ணைப் பெயராக வைத்து, சர்வரில் போடுவேன். அப்புறம் அந்தக் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வேறொருவர் வேறொரு கணினியில் இமேஜைக் கட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியில் ஓடுவது போலவே ஓடுகிற இமேஜ் வந்தால்தான் சரக்கு கிளம்பும்.

நமக்கெல்லாம் யார் கேஸ் போடுவார்கள் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 2003இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் சோர்ஸ், கேள்விகள் கிளம்பிய பிறகே வெளியானது. அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ரவுட்டர் மென்பொருள் பிறந்தது. 2008 டிசம்பரில், லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ மீதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசமானது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது.

சொந்த நிரலும் போய்விடும் என்று பயந்து மறைப்பது

அந்தப் பால் கருவி முதலாளி சோர்ஸ் கொடுக்கத் தயங்கியதற்குக் காரணம் இந்தப் பயம்தான். சாதாரண சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) மூலம் கெர்னலைப் பயன்படுத்தும் புரோகிராம் கெர்னலின் வழித்தோன்றல் ஆகாது, அதாவது கெர்னலின் ஜிபிஎல் அதைக் கட்டாது என்று கெர்னலோடு வரும் லைசென்ஸ் கோப்புகளிலேயே லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வைத்திருக்கிறார். தனியாக ஓடும் கணக்குப் புரோகிராம் உங்களுடையதே. அதற்குள் ரீட்லைன் போன்ற ஜிபிஎல் லைப்ரரியை (பிற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரலை) லிங்க் செய்தால், அதாவது இணைத்தால்தான் கதை மாறும். அப்படி ஒன்றைச் சேர்க்கும் முன், தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்ஜிபிஎல்லை ஸ்டாட்டிக்காக லிங்க் செய்வது

எல்ஜிபிஎல் என்பது லைப்ரரிகளுக்கான, கொஞ்சம் தளர்ந்த ஜிபிஎல். ஸ்டாட்டிக் முறையில் லைப்ரரி உங்கள் பைனரிக்குள்ளேயே சேர்ந்துவிடும்; டைனமிக் முறையில் அது தனிக் கோப்பாக இருந்து, ஓடும்போது இணையும். டைனமிக்காகச் செய்யுங்கள். ஸ்டாட்டிக் என்றால், வாங்கியவர் லைப்ரரியை மாற்றி மறுபடி லிங்க் செய்ய உங்கள் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் (கம்பைல் ஆகி, இன்னும் லிங்க் ஆகாதவை) தர வேண்டும்.

பழைய பதிப்பின் லைசென்ஸே புதியதற்கும் என்று நினைப்பது

கடைத்தெருவுக்குப் பில்லிங் மென்பொருள் செய்பவர்கள் அதிகம் மாட்டுவது இதில். பிடிஎஃப் அடிக்கும் ஐடெக்ஸ்ட் லைப்ரரி ஒரு காலத்தில், மூடிய மென்பொருளோடும் சேர்க்க இடம் தரும் எல்ஜிபிஎல், எம்பிஎல் லைசென்ஸில் கிடைத்தது. ஐந்தாம் பதிப்பு முதல் அது ஏஜிபிஎல் (நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் சோர்ஸ் தரச் சொல்லும், ஜிபிஎல்லின் கடுமையான வகை). நான்கைந்து வரி கோடுக்காக அதைச் சேர்த்து, சோர்ஸ் தராத மூடிய மென்பொருளாகத் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் விற்றுக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும், அல்லது வேறு லைப்ரரிக்கு மாற வேண்டும். பதிப்பு எண் மாறும் ஒவ்வொரு முறையும் லைசென்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்.

எம்ஐடிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது

எம்ஐடி என்பது மிகக் குறைந்த நிபந்தனை உள்ள லைசென்ஸ். ஆனாலும் காப்பிரைட் வரியும் லைசென்ஸ் வாசகமும் உங்கள் பெட்டியோடு போக வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அது கட்டாயம்.

லைசென்ஸே இல்லாத நிரலை எடுப்பது

எடுக்காதீர்கள்.

எழுத்துருவை மறப்பது

ரசீதில் தமிழ் வர வேண்டுமே. மீரா இனிமை என்ற அழகான தமிழ் எழுத்துருவைச் செய்து கொடுத்தது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. பாலக்காட்டுத் தமிழனாக எனக்கு அதில் தனி சந்தோஷம். அது, எழுத்துருக்களுக்கென்றே உள்ள ஓஎஃப்எல் உரிமத்தில் உள்ளது. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. லைசென்ஸ் கோப்பைக் கூடவே வையுங்கள்.

கடிதம் வந்ததும் பேசாமல் இருப்பது

ஜிபிஎல் இரண்டில், மீறினால் உங்கள் உரிமை அந்தக் கணமே முடிந்துவிடும். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. முதல் முறை மீறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை நிரந்தரமாகத் திரும்பும். கெர்னல் எழுதுபவர்கள் பலர் 2017 அக்டோபரில் இதே சலுகையைத் தாங்களும் தருவதாக அறிக்கை விட்டார்கள். அந்த 30 நாள் வக்கீலைத் தேடுவதிலேயே கரைந்துவிடக் கூடாது. கடிதம் வந்த அன்றே, பார்த்துக்கொண்டிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் தருகிறோம் என்று எழுதிவிடுங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் பணம் வேண்டாம். சோர்ஸைத்தான் கேட்கிறார்கள்.