நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஆர்லியன்ஸுக்கு ஜாஸ் கேட்க வருகிற நண்பர்களுக்கும், அந்த நண்பர்களின் நண்பர்களுக்கும் இரவு நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டுக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வருகிறவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. இந்த நகரத்தில் இன்று பழகிப்போன காதுடன் உட்கார்ந்திருக்கும் பலரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் வரிசை தப்பாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். பணப்பை பத்திரம், விழாக் காலத்தில் அறையை முன்பே பதிவு செய்யுங்கள் என்பன போன்ற, யாருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை விட்டுவிடுகிறேன்.

போர்பன் தெருவிலேயே இரவைக் கழிப்பது

போர்பன் தெருவில் ஜாஸே கிடையாது என்று சொன்னால் அது பொய். 1969 முதல் அங்கே நடந்துவரும் ஃபிரிட்ஸெல்ஸ் என்ற சிறிய மதுக்கூடத்தில் பழைய பாணி ஜாஸை இன்றும் கேட்கலாம். ஆனால் அத்தெருவின் பெரும்பாலான கதவுகளுக்குப் பின்னால் ஒலிப்பது எல்லா ஊரிலும் கேட்கக்கூடிய பிரபலப் பாடல்கள்தான். எஸ்பிளனேட் அவென்யூவைக் கடந்து சற்று நடந்தால் ஃபிரெஞ்ச்மென் தெரு வந்துவிடும். ஸ்னக் ஹார்பர், ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., ப்ளூ நைல் ஆகிய எல்லாம் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. முதல் இரவை அங்கே தொடங்குங்கள்.

ஸ்டோரிவில் கதையை நம்பி வருவது

மற்ற தவறுகள் ஒரு மாலையைக் கெடுக்கும். இது முழுப் பயணத்தையும் கெடுத்துவிடும். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதால் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1897இல் நகரமன்றம் பாலியல் தொழிலை ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் ஒதுக்கியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த உறுப்பினர் சிட்னி ஸ்டோரியின் பெயரால் அப்பகுதி ஸ்டோரிவில் எனப்பட்டது. அங்கிருந்த பாலியல் தொழில் விடுதிகளில் ஜாஸ் பிறந்தது. 1917இல் கடற்படையின் நெருக்குதலால் அது மூடப்பட்டதும் வேலையிழந்த கலைஞர்கள் மிசிசிப்பியில் படகேறிச் சிகாகோவுக்குப் போனார்கள். இதில் சட்டமும் பெயரும் ஆண்டுகளும் கடற்படையின் நெருக்குதலும் சரி. மற்றவை ஆராய்ந்தால் நிற்காது. மிசிசிப்பி ஆறு சிகாகோவைத் தொடுவதே இல்லை. 1922இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அங்கே போனது ரயிலில். இவ்வூர்க் கலைஞரான ஃபிரெடி கெப்பர்டின் குழு ஸ்டோரிவில் மூடப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நாடெங்கும் மேடை ஏறத் தொடங்கிவிட்டது. பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் அதற்கும் முன்பே ஊரைவிட்டுக் கிளம்பியவர். அவர்களை வெளியே அனுப்பியவை வேலையும் கூலியும், தெற்கின் நிறவெறிச் சட்டங்களும். ஒரு பகுதியின் கதவடைப்பு மட்டும் அல்ல.

பிறந்த இடம் பற்றிய பகுதி இன்னும் மோசம். விடுதிகளின் கூடங்களில் பெரும்பாலும் ஒரு பியானோக் கலைஞர் தனியாக வாசித்தார். குழு வைத்து நடத்த இடமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அப்பகுதியின் நடனக் கூடங்களிலும் மதுக்கடைகளிலும் ஜோ ஆலிவர் போன்றவர்கள் குழுவாக வாசித்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜாஸின் முதல் பெரிய கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) கலைஞராகக் கருதப்படும் படி போல்டன் புகழ்பெற்றது நகரின் மேற்குப் பக்கத்தில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில். லிங்கன் பார்க் என்ற பூங்காவிலும், பெர்டிடோ தெருவிலிருந்த யூனியன் சன்ஸ் மண்டபத்திலும் அவர் வாசித்தார். சனிக்கிழமை இரவு நடனம் நடந்த அதே மண்டபத்தில் ஞாயிறு காலையில் தேவாலய வழிபாடு நடந்தது. 1907இல் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட போல்டன் 1931இல் அங்கேயே இறந்தார். அவருடைய வாசிப்பின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

இசைக்குழுக்களுக்கு வேலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் விடை இன்னும் தெளிவாகும். காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் கறுப்பின மக்களை ஒதுக்கிய காலத்தில் அவர்கள் தங்களுக்குள் உதவிச் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். சந்தா கட்டிய உறுப்பினருக்கு நோய் வந்தால் மருத்துவச் செலவு, இறந்தால் முறையான அடக்கம், அதோடு ஊர்வலத்துக்கு ஒரு பிராஸ் பேண்ட், அதாவது பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் கொண்ட குழு. 1884இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் தெருவில் இறங்குகிறது. ஏரிக்கரை உல்லாசப் பயணம், சங்க நடனம், கடை விளம்பர வண்டி, சாவு என எல்லாவற்றுக்கும் அதே கலைஞர்கள் வாசித்தார்கள். லொரென்ஸோ டியோ போன்ற கிரியோல் (ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பு வம்சாவளி) ஆசிரியர்கள் தங்கள் வீட்டில் சிறுவர்களுக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கவும் மூச்சைக் கட்டவும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் குடும்பங்களையும் ஆசிரியர்களையும் சங்கங்களையும் ஒரே வரியில் அழித்துவிட்டு, நூறாண்டு உழைப்பை ஒரு விடுதிக் கூடத்தில் கொண்டுபோய் வைக்கிறது அந்தக் கதை. என் கோபம் அதனால்தான்.

சரித்திரம் தவறாக இருந்தால் என்ன, இசை கேட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது, ஏனென்றால் சரித்திரத்தைத் தவறாக வைத்திருப்பவர் போகிற இடமும் தவறாகிவிடுகிறது. ஜாஸ் என்றால் இரவு, மது, மங்கலான விளக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு வருகிறவர் முதல் நாளே ஸ்டோரிவில்லைத் தேடிப் பேசின் தெருவுக்குப் போகிறார். அப்பகுதி இடிக்கப்பட்டு 1940 வாக்கில் அரசுக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. பார்க்க ஏறக்குறைய எதுவும் இல்லை. ஏமாற்றத்துடன் போர்பன் தெருவுக்குத் திரும்புகிறவர், சிறிது தள்ளி ரேம்பார்ட் தெருவுக்கு அப்பால் இருக்கும் ட்ரெமே பகுதிக்குப் போவதில்லை. 1817 முதல் நகரச் சட்டம் அடிமைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிடத்தில் மட்டுமே கூட அனுமதித்தது. அவர்கள் கூடி முழவு கொட்டி ஆடிய காங்கோ சதுக்கம் அங்கேதான், ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள், கல் பாவிய தரையாக இன்றும் இருக்கிறது.

சென்ற பருவத்தில் வந்த ஒரு குழுவில் பல ஆண்டுகளாக சாக்ஸஃபோன் பயிலும் இளைஞர் ஒருவர் இருந்தார். என்னைவிட அதிகமாகப் படித்தவர், பழைய இசைத்தட்டுகளின் எண்கள்வரை மனப்பாடம். ஞாயிறு பகலில் செகண்ட் லைன், அதாவது உதவிச் சங்கம் ஒன்று பேண்டுடன் தெருவில் நடத்தும் ஊர்வலம் இருக்கிறது, விடுதியிலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். பகலில் நடப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை என்று அவராகவே முடிவு செய்து, விடியும்வரை விழித்திருந்த களைப்பில் அறையில் தூங்கிவிட்டார். மாலையில் விமானம். எந்த இசைக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்த இசை சில தெருக்கள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருந்தார்.

அவர் தவறவிட்டது இதுதான். சங்கத்தார் ஒரே நிறத்தில் கோட்டும் தொப்பியும் காலணியும் அணிந்து, இறகு விசிறியைச் சுழற்றியபடி வாசலிலிருந்து ஆடிக்கொண்டே இறங்குவார்கள். பின்னால் பேண்ட்: டிரம்பெட், டிராம்போன், உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகருவியான சூசாஃபோன், தோளில் தொங்கும் ஸ்நேர் டிரம், பெரிய பேஸ் டிரம். பேஸ் டிரம்மின் தலையில் ஒரு சிம்பல் பொருத்தியிருக்கும். வாசிப்பவர் ஒரு கையில் தடியும் மறுகையில் வளைத்த கம்பியுமாக இரண்டையும் தட்டுவார். அந்தக் கம்பியின் சிணுங்கல்தான் நடையைத் தூக்கிக் கொடுக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஊரே நடக்கிறது, ஆடுகிறது. கிளைபோர்ன் அவென்யூவில் வரிசையாக நின்ற ஓக் மரங்களை 1966இல் வெட்டிவிட்டு மேம்பாலச் சாலையைக் கட்டினார்கள். அந்தப் பாலத்தடிக்கு வந்ததும் கான்கிரீட்டில் எதிரொலிக்கட்டும் என்றே பேண்ட் முழு மூச்சோடு ஊதும். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரம் கேட்காமல் சபா மேடையில் மட்டும் கேட்டவருக்கு மல்லாரி எதற்காக அப்படி நடக்கிறது என்பது பிடிபடாது. கிளப்பில் மட்டும் ஜாஸ் கேட்டவரின் நிலையும் அதுவே.

ஊர்வலங்கள் கோடை முடிகிற சமயத்தில் தொடங்கி ஜூன் வரை பெரும்பாலான ஞாயிறுகளில் நடக்கும்; ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீளும். பாதை விவரத்தை டபிள்யூ.டபிள்யூ.ஓ.ஸீ. (WWOZ) வானொலியின் தளம் அந்தந்த வாரம் வெளியிடுகிறது. சங்கத்தாரையும் பேண்டையும் சுற்றிப் பிடித்துவரும் கயிற்றுக்குள் நுழையக் கூடாது. படம் எடுக்க அவர்கள் முன்னால் பின்னோக்கி நடந்து வழி மறிக்கவும் கூடாது. ஓரமாகச் சேர்ந்து நடங்கள். பகலில் அங்கே ஊதியவர்களில் சிலரை அன்றிரவே ஏதாவது ஒரு கிளப்பில் பார்க்க நேரும். அப்போது அதே தாளத்தைக் காது வேறு விதமாக வாங்கிக்கொள்ளும்.

இசை இலவசம் என்று நினைப்பது

ஃபிரெஞ்ச்மென் தெருவில் பல இடங்களில் நுழைவுக் கட்டணம் இருக்காது. மதுக்கூட விற்பனையில் கிடைக்கும் ஒரு பங்கும், செட்டின் (இடைவேளை வரை தொடர்ந்து வாசிக்கும் பகுதியின்) நடுவில் சுற்றிவரும் வாளியில் விழும் டிப்ஸும்தான் பல கலைஞர்களின் அன்றைய வருமானம். கிளாரினெட் வாசித்த பெண்மணி தானே வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தபோது, செட் முழுவதையும் செல்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு கூட்டம் எழுந்து அடுத்த கதவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு செட் கேட்டால் ஆளுக்கு 5 டாலருக்குக் குறையாமல் போடுங்கள், ஒரு பானமாவது வாங்குங்கள். மது அருந்தாதவர்கள் சோடா வாங்கலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. சில்லறைத் தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிசர்வேஷன் ஹாலில் செல்பேசியை எடுப்பது

எடுக்காதீர்கள். பழைய பாணி ஜாஸுக்கென 1961இல் தொடங்கிய அந்த அறையில் மதுவும் கிடையாது, வாசிக்கும்போது படம் பிடிக்கவும் அனுமதி இல்லை.

ஒவ்வொரு அறையின் ஒழுங்கையும் கவனிக்காதிருப்பது

ஸ்னக் ஹார்பர் உட்கார்ந்து கேட்கும் இடம். 2020இல் மறைந்த எல்லிஸ் மார்சாலிஸ் நீண்ட காலம் பியானோ வாசித்த இடம். அங்கே பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியைத் தனியாக வாசிக்கும்போது மெல்லப் பேசினாலும் அறை முழுவதும் கேட்கும். ஆடுவதற்கு இடம் இருக்கிற கிளப்பில் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று, ஆடுகிறவர்களை மறைப்பதும் இதே அளவு தவறு.

பழைய பாணி மட்டுமே உண்மையான ஜாஸ் என்று பிடிவாதம் பிடிப்பது

1977இல் தொடங்கிய டர்ட்டி டஸன் பிராஸ் பேண்ட் பழைய ஊர்வல இசைக்குள் ஃபங்க், பீபாப் என்ற பிற்கால இசைப் பாணிகளைக் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அதனால்தான் இளைஞர்கள் மீண்டும் சூசாஃபோனைத் தோளில் மாட்டினார்கள். 1983இல் ரீபர்த் பிராஸ் பேண்ட் பிறந்தது அந்த அலையில். எல்லிஸ் மார்சாலிஸ் இந்நகரின் கலைப் பள்ளியில் கற்பித்தது நவீன ஜாஸ்; அவரிடம் பயின்றவர்களில் வின்டன், பிரான்ஃபர்ட் என்ற அவருடைய மகன்களோடு டெரன்ஸ் பிளான்சர்டும் ஹாரி கானிக் ஜூனியரும் உண்டு. ஓர் இரவு பிரிசர்வேஷன் ஹால் என்றால் அடுத்த இரவை இளைய பேண்ட் ஒன்றுக்குக் கொடுங்கள்.

‘செயின்ட்ஸ்’ வாசிக்கச் சொல்வது

‘வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்’ என்ற பாட்டைச் சொல்கிறேன். வேண்டாம். அவர்களே வாசித்தால் கேளுங்கள்.

ஆம்ஸ்ட்ராங் 1900 ஜூலை 4 அன்று பிறந்தார் என்று சொல்வது

அவரே அப்படித்தான் சொல்லிவந்தார். திருமுழுக்குப் பதிவேட்டின்படி 1901 ஆகஸ்ட் 4.

கடைசி செட்டுக்கு முன்பே எழுந்துவிடுவது

நியூ ஆர்லியன்ஸில் மதுக்கூடங்களை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. முதல் செட்டில் சுற்றுலாக் கூட்டத்துக்குத் தெரிந்த பாடல்களே அதிகம் வரும். கூட்டம் கலைந்த பிறகு, வேறு கிளப்பில் வேலை முடித்த டிராம்போன்காரர் பெட்டியுடன் உள்ளே வருவார். மேடையிலிருப்பவர் தலையசைத்துக் கூப்பிடுவார். ஒத்திகை பார்க்காத ஒன்றைச் சேர்ந்து வாசிக்கத் தொடங்குவார்கள். எட்டு மணிக்கே வந்து பத்து மணிக்குக் களைத்துப்போகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. மாலையில் நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். திரும்பும்போது ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும் என்பதால் நடக்காமல் வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.