கம்பெனி லென்ஸா, சிக்மா–டாம்ரானா? கோட்டைச் சுவரில் சோதித்துப் பார்த்து வாங்குங்கள்

கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸோடு வெளிச்சம் குறைந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய் வந்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். இன்னொரு லென்ஸ் வாங்கலாம், சரி. கேமரா கம்பெனியுடையதையே வாங்குவதா, விலை குறைந்த சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் போதுமா? கடையில் கேட்டால் கையிருப்பில் எது இருக்கிறதோ அதைத்தான் நல்லது என்பார்கள். இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: முதலில் மவுண்ட்

பெயரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பாடியின் (லென்ஸ் இல்லாத கேமரா) மவுண்ட், அதாவது லென்ஸ் பொருந்தும் வளையம், எது என்று பாருங்கள். சோனி தன் ஈ-மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011லேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் ஏ6400, இசட்வி-ஈ10 வைத்திருப்பவர்களுக்கு வெளி லென்ஸ்கள் ஏராளம். கேனான் ஆர்எஃப் மவுண்ட்டின் கதை வேறு. சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அறிவித்ததே 2024இல்தான். அவையும் ஆர்50, ஆர்10 போன்ற ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) பாடிகளுக்கானவை. கேனானின் 1500டி, 200டி போன்ற பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் கவலை இல்லை, செகண்ட் ஹேண்டில் நிறையவே கிடைக்கும்.

நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். இந்த பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸில்தான் இருக்க வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8டி அசல் நிக்கான் லென்ஸ்தான், ஆனாலும் டி3500இல் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. 1.8ஜி வேலை செய்யும். கம்பெனி லென்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

படி 2: எதற்காக வாங்குகிறீர்கள்?

முகப்படம், குழந்தைகள், வீட்டு விசேஷம் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்). கேனான், நிக்கான்காரர்கள் இதில் கம்பெனி லென்ஸையே எடுங்கள். கேனானிலும் நிக்கான் டிஎஸ்எல்ஆரிலும் இது மலிவான லென்ஸ்களில் ஒன்று, வெளியே தேட வேண்டிய அவசியமில்லை.

எஃப் 2.8 ஜூம் என்று வந்தால் என் ஓட்டு வெளி லென்ஸுக்குத்தான். கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 ஆகிவிடும், எஃப் 2.8இல் அதைவிட நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும். சோனியில் மூன்றைப் பார்க்கலாம்: சோனியின் 16-55, சிக்மா 18-50, டாம்ரான் 17-70. சிக்மா 300 கிராம்கூட இல்லை, ஏலகிரி ஏற நல்லது. டாம்ரான் அரை கிலோவைத் தாண்டும், ஆனால் கை நடுக்கத்தை அடக்கும் விசி அதில் மட்டும்தான் இருக்கிறது. ஏ6400 பாடியில் அந்த வசதி இல்லை. வேலூர்க் கோட்டை போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சோனி 16-55 அருமையான லென்ஸ். கற்றுக்கொள்பவருக்கு அந்த விலை வீண்.

படி 3: கோட்டைச் சுவரில் சோதனை

இதைத் தவிர்க்காதீர்கள். எந்த பிராண்டிலும் பழுதான பீஸ் வரும். உங்கள் கைக்கு வந்த பீஸ் எப்படி என்பதுதான் கேள்வி.

காலை வெயிலில் வேலூர்க் கோட்டைக்குப் போய், கொத்தளங்களுக்கு இடையே நேராக ஓடும் சுவர்ப்பகுதியை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்கொள்ளுங்கள். சுவரும் கேமராவும் இணையாக இருக்கட்டும். கோணலாக நின்றால் சோதனை செல்லாது. அப்பர்ச்சர் முன்னுரிமை மோடு (எஃப் எண்ணை நீங்களே வைப்பது), ஐஎஸ்ஓ 100. ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். எஃப் 2.8இல் ஒரு படம், எஃப் 8இல் ஒரு படம். ஜூமை முழுவதும் உள்ளே, முழுவதும் வெளியே வைத்து மறுபடியும்.

வீட்டில் கணினியில் நூறு சதவீதத்தில் திறந்து, நான்கு மூலைகளிலும் கல் இடுக்குகளைப் பாருங்கள். எஃப் 2.8இல் நான்கும் ஒரே அளவு மங்கியிருந்தால் அது லென்ஸின் சுபாவம், விட்டுவிடலாம். இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் குழைந்தும் இருந்து, எஃப் 8இலும் அது மாறாவிட்டால் உள்ளே ஒரு கண்ணாடி விலகியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு முறை எடுத்தும் அதே பக்கம் மங்கினால் கடையில் மாற்றிக் கேளுங்கள். கல் வரிசை வில்லாக வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மென்பொருளில் நிமிர்ந்துவிடும்.

பிறகு பக்கத்தில் ஒரு மரம், தூரத்தில் கொத்தளம் என்று மாறிமாறி ஃபோகஸ் செய்யுங்கள். முன்னும் பின்னும் தடுமாறி ஓடுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: பில், வாரன்ட்டி, அப்டேட்

பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். இந்திய வாரன்ட்டியா, சர்வீஸுக்கு எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். புது கேமரா பாடி வரும்போது வெளி லென்ஸுக்கு ஃபர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். வில்ட்ராக்ஸ், டாம்ரானின் புதிய லென்ஸ்கள் பலவற்றில் அதற்கென யூஎஸ்பி-சி துளை இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் என்றால் பின்பக்கமாக டார்ச் அடித்து ஃபங்கஸ் (கண்ணாடியில் படரும் பூஞ்சை) இருக்கிறதா பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கல்யாண ஆர்டர் எடுக்கிறவர்கள் ஆடியில் வாங்குங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், சோதிக்கவும் மாற்றவும் ஆவணி வரை நேரம் இருக்கும்.