ரோமில் டிக்கெட் இல்லாமல் கரவாஜ்ஜோ: ஒரு காலை நடை

ரோமில் காசு கொடுக்காமல் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறதென்றால், நான் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவைத்தான் சொல்வேன். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வரைந்த ஆறு ஓவியங்கள், எந்தத் தேவாலயங்களுக்காக வரையப்பட்டனவோ அங்கேயே இன்றும் இருக்கின்றன. மூன்று தேவாலயங்கள், ஏறக்குறைய ஒரே நேர்த்தெரு.

படி 1: கிளம்பும் முன்

தோளும் முழங்காலும் மறைகிற உடை போட்டுக்கொள்ளுங்கள். பையில் சில்லறை யூரோ நாணயங்கள் இருக்கட்டும். ஓவியத்துக்கு மேலுள்ள விளக்கு பல இடங்களில் பெட்டியில் நாணயம் போட்டால்தான் எரியும், சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும். வேறு யாராவது போடட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு! பல தேவாலயங்கள் மதியம் சில மணி நேரம் பூட்டியிருக்கும், ஞாயிறு காலையில் பூசை நடக்கும். அதனால் வார நாளில் சீக்கிரமே கிளம்புவது நல்லது.

படி 2: சாந்தா மரியா தெல் போப்போலோ

மெட்ரோ ஏ லைனில் ஃபிளமினியோவில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. பீடத்துக்கு இடப்புறம் செராசி சிற்றாலயம். வலது சுவரில் பவுலின் மனமாற்றம்: படத்தில் பெரும்பகுதியைக் குதிரையே அடைத்துக்கொள்ள, பவுல் அதன் காலடியில் கைகளை விரித்தபடி கிடக்கிறார். எதிர்ச்சுவரில் பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் ஏற்றுகிறார்கள்.

படி 3: சாந்த் அகொஸ்தீனோ

வியா தி ரிப்பெத்தா தெருவில் நேராக நடந்தால் சுமார் 20 நிமிடம். வழியில் நசோனி எனப்படும் தெருக் குழாய்கள் வந்தால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், குடிக்கிற தண்ணீர்தான். உள்ளே இடப்புறம் முதல் சிற்றாலயத்திலுள்ள ஓவியத்தில், மாதாவின் முன் மண்டியிட்ட யாத்ரீகரின் அழுக்குப் படிந்த பாதம் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: சான் லூயீஜி தெய் ஃபிரான்செசி

அங்கிருந்து சில நிமிடம்தான். இங்கே அவசரப்படாதீர்கள். இடப்புறக் கடைசிச் சிற்றாலயத்தில் இயேசுவின் சீடரான மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள். இடது சுவரில் இருப்பது 'மத்தேயுவின் அழைப்பு'. காசு எண்ணும் மேசையைச் சுற்றி ஐந்து பேர். வலது ஓரத்தில் இயேசு மத்தேயுவை அழைத்துக் கை நீட்டுகிறார். முதலில் வெளிச்சத்தை மட்டும் கவனியுங்கள். அது வலப்பக்கம் மேலிருந்து விழுகிறது. இப்போது பீடத்துக்கு மேலே பாருங்கள், நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான். அப்புறம் வலது சுவர் ஓவியத்தில், மத்தேயுவின் கொலையைத் திரும்பிப் பார்த்தபடி பின்னணியில் நிற்கும் தாடிக்காரரைத் தேடுங்கள். அது கரவாஜ்ஜோவேதான்.

படி 5: நேரம் மிச்சமிருந்தால்

பழைய ரோமானியக் கோவிலான பாந்தியனுக்குள் போக 2023 முதல் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. வெளியே நின்று பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி சாந்த் இக்னாசியோ தேவாலயம். அங்கே தெரியும் குவிமாடம் நிஜமல்ல, 1685-இல் அந்திரேயா பொஸ்ஸோ துணியில் வரைந்தது. விதானத்தைப் படமெடுக்க ஒரு கண்ணாடி முன்னால் நீண்ட வரிசை நிற்கும். அதில் போய்ச் சேராதீர்கள். தரையில் பதித்த வட்டக்கல்லில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும்.