ஒரு உரிமைக் கோரிக்கையை ஆராய்வது எப்படி? வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

மனித உரிமையின் தத்துவ அடிப்படையைப் பேசலாம் என்று கூடுகிற வட்டங்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்திலேயே தடம் மாறிவிடும். 'மனித உரிமை என்றால் என்ன' என்ற கேள்வியோடு தொடங்குவதுதான் காரணம். ஆளுக்கொரு வரையறை சொல்வார்கள், எதையும் சோதித்துப் பார்க்க வழியிருக்காது. அதனால் கையில் கிடைக்கிற ஒரே ஒரு கோரிக்கையோடு தொடங்குங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அதற்குத் தேட வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். 'ஃபுளோரைடு இல்லாத குடிநீர் எங்கள் உரிமை' என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு, ஆளுக்கு ஒரு தாள். இவ்வளவு போதும்.

முதல் அமர்வில் அந்த வாக்கியத்தை நான்கு கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, எது, யாரிடமிருந்து, எதனால். முதல் இரண்டும் ஐந்து நிமிட வேலை. மூன்றாவதில் எல்லோரும் 'அரசு' என்று எழுதுவார்கள். அதை ஏற்காதீர்கள். ஊராட்சியா, குடிநீர் வடிகால் வாரியமா, மாநில அரசா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் போட்ட தெருவில் தண்ணீர் வராவிட்டால் யார் கடமை தவறினார்கள்? கடமை யாருடையது என்று சொல்ல முடியாத உரிமை வெறும் பேச்சாகிவிடும் என்பது பிரிட்டன் தத்துவவாதி ஓனோரா ஓ'நீலின் விமர்சனம். அந்த விமர்சனத்துக்கு விடை தேட, அமெரிக்கத் தத்துவவாதி ஹென்றி ஷூ 1980-இல் சொன்ன மூன்று கடமைகளை வைத்துப் பாருங்கள்: பறிக்காமல் இருப்பது, பிறர் பறிக்காமல் காப்பது, இழந்தவருக்கு உதவுவது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பெயர்கள் வந்தால் கட்டம் சரியாக நிரம்பியிருக்கிறது என்று பொருள்.

'எதனால்' என்ற நான்காவது கட்டத்துக்குத்தான் மீதி நேரம் முழுக்க வேண்டும். நாலு வகைப் பதில் வரும். அரசுக்கு முன்பே, கடவுள் படைத்த இயற்கை மனிதருக்குத் தந்தது என்பது 1689-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்ன வழி. கடவுளை எடுத்துவிட்டால் அது எதன்மேல் நிற்கும் என்று கேளுங்கள். தவிர, லாக்கின் உரிமைகள் பெரும்பாலும் 'கை வைக்காதே' என்பவை; 'குழாய் போடு' என்பதை அவற்றிலிருந்து எடுப்பது கடினம். பொருளுக்கு விலை உண்டு, மனிதருக்கு மதிப்பு உண்டு என்றார் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் (1785). ஆனால் அந்த மதிப்பைப் பகுத்தறிவில் ஊன்றியதால் கைக்குழந்தையின் நிலை என்ன என்ற சிக்கல் வருகிறது. இன்னொருவர்மேல் கடமை சுமத்தும் அளவுக்கு முக்கியமான நலனே உரிமைக்கு அடிப்படை என்கிற சட்டத் தத்துவவாதி ஜோசப் ராஸின் பதில், தண்ணீருக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது எங்கள் கருத்து. எந்த நலன் அவ்வளவு முக்கியம் என்று எடைபோடுவதுதான் அதன் பலவீனம்.

நாலாவது பதில், சட்டம். 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவில் உணவு, உடை, வீடு, மருத்துவம் எல்லாம் உண்டு, தண்ணீர் இல்லை. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் மாசற்ற நீரும் காற்றும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-இல். ஐ.நா. பொதுச்சபை குடிநீரை உரிமையாக ஏற்றது 2010 ஜூலையில். இப்போது கேளுங்கள்: 1980-இல் பென்னாகரத்தில் ஃபுளோரைடு நீர் குடித்தவருக்கு இந்த உரிமை இருந்ததா? கை தூக்கச் சொல்லுங்கள். 'இருந்தது' என்பவர் சட்டத்தைத் தொடாமல் நான்காவது கட்டத்தை நிரப்ப வேண்டும். 'இல்லை' என்பவர், அன்று அவருக்கு நடந்தது அநீதியா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது அமர்வு விமர்சனங்களுக்கு. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தமிடமிருந்து தொடங்குங்கள். சட்டம் பெற்ற பிள்ளைதான் உரிமை, இயற்கை உரிமை என்பது வெற்று உளறல் என்றவர். அவரை வில்லனாக்கி அடித்து வீழ்த்துவதில் பயனில்லை. வாச்சாத்தியை வைத்துச் சோதியுங்கள். 1992 ஜூன் 20 அன்று, அரூர் அருகேயுள்ள அந்தப் பழங்குடி ஊருக்குள் சந்தன மரம் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல்.

சட்டம் அன்றும் இருந்தது. மீறியவர்கள் சட்டத்தின் ஆட்கள். பெந்தம் பக்கம் நிற்பவர், உரிமை இருந்தது, நிறைவேற்றம்தான் தவறியது என்பார். அது வலுவான பதில். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: அன்று நடந்ததை ஒரு சட்டமே அனுமதித்திருந்தால்? இங்கே அவர் தடுமாறினால் அவசரப்படுத்தாதீர்கள், அமர்வின் மிக நல்ல பத்து நிமிடம் அதுதான். உரிமைகள் பெறுவதற்கான உரிமையே முதலில் வேண்டும் என்று, நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி நாடற்றவராக வாழ்ந்த சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-இல் எழுதியதை அதன் பிறகு சொல்லுங்கள். ஒரு ஊரையே சந்தன மரக் கடத்தல்காரர்கள் என்று முத்திரை குத்திவிட்டால் அவர்கள் சொல் யார் காதிலும் ஏறாது என்பது அப்போது புரியும். ஒரு எச்சரிக்கை: பாதிக்கப்பட்டவர்களை அழைத்து மறுபடி சொல்ல வைக்காதீர்கள். தீர்ப்பில் எல்லாம் இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே உரிமை என்பது நடப்பில் உடைமை உள்ளவருக்கே உதவுகிறது என்ற மார்க்ஸின் விமர்சனத்துக்கு ஒரு கல்குவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளிக்கும் முதலாளிக்கும் ஒரே ஒப்பந்தச் சுதந்திரம் என்றால் அது யாருக்குப் பயன்படும்? கேள்வி நியாயமானது. ஆனால் அதே தொழிலாளி கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றிதழ் கேட்டு நிற்கும்போது கட்டாய வேலையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவும் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும்தான் அவர் கையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

'இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அமெரிக்க மானிடவியல் சங்கமே 1947-இல் இப்படி ஓர் ஐயத்தை எழுப்பியது, அதனால் ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் பிரகடனத்தை எழுதியதில் மேற்குக்கு வெளியே இருந்தவர்களுக்கும் பங்குண்டு: அதன் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று படிக்க இடம் தந்த சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் ஹன்சா மேத்தா, இந்தியப் பிரதிநிதி. அடுத்து, பண்பாடு என்று பேசுவது யார் என்று பாருங்கள். மலைக்கிராமத்தில் பதினைந்து வயதில் கல்யாணம் நிச்சயிக்கப்பட்ட பெண் அதைச் சொல்கிறாளா, அவளுக்காக வேறொருவர் சொல்கிறாரா?

கடைசி அரை மணியில் முதல் தாளைத் திருத்தி எழுத வையுங்கள். மூன்றாவது கட்டத்தில் ஒரு அலுவலகத்தின் பெயர் உறுதியாக நின்றால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைப் பரிசோதித்து, அறிக்கையை இணைத்துத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.