செயல்மையத்தில் கை வைத்தாயிற்று, இனி அளப்பது எப்படி?

நொதியின் செயல்மையத்தில், அதாவது வினை நடக்கும் இடத்தில், ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டீர்கள், புரதமும் கைக்கு வந்துவிட்டது, அளந்தால் வேகம் அதலபாதாளத்தில் கிடக்கிறது. உடனே "இந்த அமினோ அமிலம்தான் வினையை நடத்துகிறது" என்று எழுதிவிடாதீர்கள். புரதம் சரியாக மடியாவிட்டாலும் வேகம் விழும், சப்ஸ்ட்ரேட் (நொதி வேலை செய்யும் பொருள்) ஒழுங்காக உட்காராவிட்டாலும் விழும்.

சப்டிலிசினை வைத்தே பேசலாம். சலவைத்தூளில் சேர்க்கிறார்களே, புரதத்தை வெட்டும் நொதி, அதன் குடும்பம்தான். வெட்டும் வேலையைப் பார்ப்பவை மூன்று: அஸ்பார்ட்டேட் 32, ஹிஸ்டிடின் 64, செரின் 221 (எண், புரதச் சங்கிலியில் அந்த அமினோ அமிலத்தின் இடம்). 1988இல் கார்ட்டரும் வெல்ஸும் இவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அலனைனாக மாற்றி அளந்தார்கள். செரினையோ ஹிஸ்டிடினையோ எடுத்தால் கே-கேட் (ஒரு நொதி மூலக்கூறு ஒரு விநாடியில் அதிகபட்சம் முடிக்கும் வினைகள்) சுமார் 20 லட்சம் மடங்கு குறைந்தது, அஸ்பார்ட்டேட்டை எடுத்தால் சுமார் 30 ஆயிரம் மடங்கு. கே-எம் (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான சப்ஸ்ட்ரேட் செறிவு, சப்ஸ்ட்ரேட் எப்படி உட்காருகிறது என்பதற்கு ஒரு அறிகுறி) மட்டும் பெரிதாக அசையவில்லை. சப்ஸ்ட்ரேட் வந்து உட்காருகிறது, வெட்டத்தான் ஆள் இல்லை என்று இதனால்தான் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

முதலில் எதை எதாக மாற்றுவது என்று யோசியுங்கள். அலனைன் பக்கச்சங்கிலியை வெட்டி எறிகிறது, புதிதாக எதையும் திணிப்பதில்லை, அதனால் தொடங்க நல்லது. மின்சுமை மட்டும் போகவேண்டுமென்றால் அஸ்பார்ட்டேட்டை அஸ்பாரஜினாக்குங்கள். மின்சுமை இருக்கட்டும், எட்டும் தூரம் மட்டும் குறையட்டும் என்றால் குளுட்டமேட்டை அஸ்பார்ட்டேட்டாக்குங்கள். ட்ரையோஸ் பாஸ்பேட் ஐசோமெரேஸ் என்ற இன்னொரு நொதியில் 165ஆவது இடத்தில் இதைச் செய்தபோது, ஒரே ஒரு கார்பன் அளவு குட்டையானதற்கே வேகம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சரிந்தது.

அப்புறம் மடிப்பு. மூல நொதியையும் (மாற்றாதது) மியூட்டன்டையும் (மாற்றியது) பக்கத்தில் பக்கத்தில் வைத்து வட்ட இருநிறமாலை (மடிப்பைக் காட்டும் ஒளி அளவீடு) எடுங்கள், மடிப்பு குலையும் உருகும் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகலாம்.

வேகத்தை ஒரே ஒரு சப்ஸ்ட்ரேட் செறிவில் மட்டும் அளந்து "10 சதவீதம் செயல்திறன்" என்று எழுதுவது என்னைப் பொறுத்தவரை வீண் வேலை, ஏனென்றால் கே-கேட் விழுந்ததா கே-எம் ஏறியதா என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கே-எம்மின் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்து மடங்கு வரை செறிவுகளை எடுத்து முழு வளைவையும் வரையுங்கள். பாரா-நைட்ரோஅனிலைடு சப்ஸ்ட்ரேட் என்றால் வெட்டுப்பட்டதும் மஞ்சள் நிறம் வரும், 410 நானோமீட்டரில் பின்தொடரலாம். நொதி சேர்க்காத குழாயும் ஒன்று கூடவே ஓடட்டும்.

இப்போது உண்மையான தலைவலி: கலப்படம். மியூட்டன்ட் 20 லட்சம் மடங்கு மெதுவானது என்று வையுங்கள். பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஒன்றே ஒன்று மூல நொதியாக இருந்தாலும் நீங்கள் அளக்கும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒன்றினுடையது! சப்டிலிசினில் இது இன்னும் மோசம், ஏனென்றால் முதிர்வதற்குத் தன் முன்துண்டைத் தானே வெட்டிக்கொள்ளும் நொதி அது. செயலிழந்த மியூட்டன்டால் அது முடியாது, வெட்டிக்கொடுக்கக் கொஞ்சம் மூல நொதியைச் சேர்த்தே ஆகவேண்டும். அதனால் மியூட்டன்டின் மேற்பரப்பில் 24ஆவது செரினைச் சிஸ்டீனாக்கி, தயாலை (சிஸ்டீனின் கந்தகத் தொகுதி) பிடிக்கும் பத்தியில் (புரதத்தைப் பிரிக்கும் நிரப்பிய குழாய்) அதை மட்டும் ஒட்டவைத்து, மற்றதைக் கழுவி எடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை.

உங்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பி.எம்.எஸ்.எஃப். என்ற தடுப்பான் செயல்மையச் செரினோடு பிணைந்து நொதியை முடக்கும். செரினே இல்லாத மியூட்டன்டில் அதைச் சேர்த்ததும் வேகம் செத்துப்போனால், நீங்கள் அளந்தது மூல நொதியைத்தான். மியூட்டன்டின் கே-எம் மூல நொதியுடையதோடு அச்சு அசலாக ஒத்துப்போனாலும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். புதிய பத்தியில் ஓட்டுங்கள், பழையதைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

பி.எச். மாற்றியும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிரிப்சினில் (இதுவும் புரதத்தை வெட்டும் நொதி) 102ஆவது அஸ்பார்ட்டேட்டை அஸ்பாரஜினாக்கியபோது நடுநிலை பி.எச்.சில் செயல்திறன் சுமார் பத்தாயிரம் மடங்கு விழுந்தது, ஆனால் பி.எச். ஏற ஏற வேகமும் ஏறி, 10.2இல் கே-கேட் மூல நொதியுடையதில் 6 சதவீதத்தைத் தொட்டது. பி.எச். 7இல் மட்டும் அளந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

கடைசியாக, கூட்டு மியூட்டன்ட். சப்டிலிசினில் மூன்றையும் ஒன்றாக எடுத்தபோதும் இழப்பு அதே 20 லட்சம் மடங்கு அளவில்தான் நின்றது, தனித்தனி இழப்புகள் பெருகவில்லை, ஆக மூன்றும் ஒரே அணியாக வேலை பார்க்கின்றன. அத்தனையும் போன பிறகும் அந்த நொதி, நொதியே இல்லாத வினையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாக வெட்டியது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், வினையின் நடுவில் ஆக்ஸிஜனில் தோன்றும் எதிர்மின்சுமையைத் தாங்கிப்பிடிக்கும் அஸ்பாரஜின் 155 பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்து அதை மாற்றிப் பாருங்கள்.