"நேத்து ராத்திரி என்ன குழம்பு?" – பக்கத்து வீட்டுப் பட்டினியைக் கண்டுபிடிப்பதும் தீர்ப்பதும்

எங்கள் பக்கத்தில் "சாப்ட்டாச்சா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அன்றைக்கு அடுப்பே மூட்டாதவர்கள்கூட "ஆச்சு தாயி, இப்பத்தான்" என்பார்கள். கௌரவம் அப்படி. அதனால் பசித்திருப்பவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "நேத்து ராத்திரி என்ன குழம்பு?" என்று கேளுங்கள். "சுண்டவச்சதுதான்", "ஊறுகாயை வச்சு ஒப்பேத்தியாச்சு", "நீத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன்" என்று பதில் தானாக வரும். அடுத்ததாக, "கடைசியா எப்ப பருப்பு வாங்குனீங்க?" என்று கேளுங்கள். இந்த இரண்டு பதிலிலும் முக்கால் விஷயம் தெரிந்துவிடும்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் மேலச்செவல் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் 28 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற வயல். களத்தில் நெல் அம்பாரமாகக் கிடக்கிற மாசத்திலும் தட்டோடு என் முன்னால் வந்து நின்ற பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு அதுதான் அன்றைக்கு முதல் சாப்பாடு. திங்கட்கிழமை இன்னும் நன்றாகத் தெரியும். சனி, ஞாயிறு கழிந்து வரும் அன்று மட்டும் சில பிள்ளைகள் இரண்டாம் முறை சோறு கேட்பார்கள். சோற்றைப் பிசையக்கூட மாட்டார்கள். முட்டையைத் தொடாமல் ஓரமாக வைத்து, கடைசியில் கால்சட்டைப் பைக்குள் போடுவான் ஒருவன். வீட்டில் தங்கச்சிக்கு. ஆசிரியர்களுக்கும் சத்துணவு ஊழியர்களுக்கும் சொல்கிறேன்: திங்கட்கிழமைத் தட்டைப் பாருங்கள். எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று அது சொல்லிவிடும்.

அரிசி இல்லாததால் பட்டினி வருகிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அரிசி இருக்கும் இடத்திலிருந்து வாய் வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது. அது எங்கேயோ அறுந்துபோவதால்தான் பெரும்பாலும் பட்டினி வருகிறது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, மழை பொய்த்தது உண்மை. ஆனால் ஜனங்கள் சாகும்போதும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிப் போனது. நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமந்தவருக்கு 1877-ல் ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று கூலியைக் குறைத்தார்கள். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. 1943-ல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த வருஷம் இருந்த தானியம் பஞ்சம் வராத 1941-ஐவிடக் குறைவில்லை என்றார். அரிசி விலை ஏறிக்கொண்டே போனது, கூலிக்காரர் கையில் காசு ஏறவில்லை. சூடானில் நைல் பாய்கிறது, விளைநிலத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் 2024 ஆகஸ்டில் டார்பூர் பகுதியில், சண்டையால் ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். அங்கே பாதையை அறுத்தது சண்டை. அந்த வருஷம் உலகத்தில் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடி என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது.

சண்டையை நாம் நிறுத்த முடியாது. நம் தெருவில் அறுந்த பாதையை ஒட்டுப்போட முடியும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பீடி சுற்றுகிற ஓர் ஆச்சி. தனிக்கட்டை. நான் போனபோது முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். குழம்பு பற்றிக் கேட்டேன். சிரித்தார். "ரேசன் அரிசி வாங்கலியா ஆச்சி?" என்றதும் வலது கையை விரித்துக் காட்டினார். நாற்பது வருஷம் புகையிலைத் தூளும் இலையும் தேய்த்த விரல். ரேகையே இல்லை, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "மிஷின்ல விழமாட்டேங்கு டீச்சர். மூணு மாசமாச்சு. பெறவு வாங்கன்னு அனுப்பிருதாவ." எத்தனை தடவை போனார் என்று கேட்டேன். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை நாள் பீடி போச்சு.

ரேகை விழவில்லை என்பதற்காக அரிசியை மறுக்கக் கூடாது. கைபேசிக்கு வரும் கடவு எண்ணை வைத்துத் தரலாம். நடக்க முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று வாங்கலாம். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. இதெல்லாம் ஆச்சிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவர்களும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்தக் கோபம் தீரவில்லை.

ஆகவே வீட்டுக்குள் போனதும் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கார்டில் ஒரு குறியீடு இருக்கும். பிஹெச்ஹெச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா, அதாவது பரம ஏழைகளுக்கான கார்டு, மாசம் 35 கிலோ அரிசி. பிஹெச்ஹெச், என்பிஹெச்ஹெச் இரண்டுக்கும் இலவச அரிசி உண்டு. என்பிஹெச்ஹெச்-எஸ் என்றால் சீனி கார்டு, அரிசி கிடையாது. எப்போதோ வசதியாக இருந்தபோது சீனி கார்டு வாங்கி, புருஷன் போனபிறகு மாற்றத் தெரியாமல் கடையில் அரிசி வாங்கித் தின்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தாலுகா ஆபீசில் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கடை பற்றிய புகாருக்கு 1967 என்ற எண். கூடவே முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். செங்கல் சூளையில் வடநாட்டுக் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் ஊர்க் கார்டை வைத்து இங்கேயே தானியம் வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து நம் மாநிலத்திலும் அது உண்டு.

கார்டு சரியாக இருந்தும் பட்டினி என்றால் கடனைக் கேளுங்கள். வாராந்திரத் தவணை வாங்க ஆள் வருகிற கிழமை எது என்று கேளுங்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் அந்த வீட்டுச் சமையல் மெலிந்திருக்கும். முதலில் பால் நிற்கும், அடுத்தது பருப்பு, பிறகு முட்டை, கடைசியில் அம்மாவின் ராச்சாப்பாடு. அவள் எல்லாருக்கும் போட்டுவிட்டு "எனக்குப் பசியில்ல" என்பாள். பானையில் என்ன மிஞ்சியது என்று அவளிடம் தனியாகக் கேட்கவேண்டும், புருஷன் முன்னால் கேட்டால் பதில் வராது. நகை ஏதாவது வட்டிக்கடையில் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றிவைக்க உதவுங்கள், வட்டி குறையும். ஒரு குடும்பத்தின் ஒரு தவணையை நீங்கள் கட்டுவது ஒரு மூட்டை அரிசி கொடுப்பதைவிட மேல். குடி இருக்கிற வீட்டில் காசாகக் கொடுக்காதீர்கள், பொருளாகக் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கையை அளந்து பாருங்கள். ஆறு மாசம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், இறுக்காமல் டேப்பைச் சுற்றுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அங்கன்வாடியில் சொல்லி எடை பார்த்து, சத்துமாவு ஒழுங்காகப் போகிறதா என்று கவனிக்கவேண்டும். 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாதத்தின் மேல் கட்டைவிரலை மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டு பாதத்திலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அதுவும் ஆஸ்பத்திரிதான். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது நீர். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாவம் பார்த்து ஒரேயடியாக வயிறு முட்ட ஊட்டவும் கூடாது. காய்ந்த உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டுக்குப் போனால் அளந்து அளந்து கொடுப்பார்கள்.

அன்னதானம் செய்ய நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இலவச அரிசி வருகிற ஊரில் இன்னும் அரிசி கொடுப்பதால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. வெறும் அரிசியால் அந்தச் சோகை தீராது. பருப்பு, எண்ணெய், முட்டை, நிலக்கடலை கொடுங்கள். எங்கள் ஊர் உளுந்தம்பருப்புச் சோற்றை மறந்துவிடாதீர்கள்: மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து (தோல் நீக்காதது), வறுத்துப் போட்டால் வாசனை தூக்கும். கொஞ்சம் வெந்தயம், நாலு பல் பூண்டு, ஒரு கை தேங்காய்த்துருவல், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அரிசியில் குறைவாக இருக்கிற புரதத்தை உளுந்து ஈடுகட்டும். முருங்கைக்கீரை சமைக்கிற அன்றைக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்டதும் டீ குடிக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது வந்த சத்தைத் தடுத்துவிடும்.

கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். பையில் போட்டு, இருட்டினபிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து உட்காரவேண்டும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். வீடு, தேதி, பாதை எங்கே அறுந்தது, என்ன மனு, ரசீது எண். மூன்று மாசம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பப் போங்கள். முதல் தடவை போவதைவிட இதுதான் முக்கியம். மனு ஏறிய கார்டு அடுத்த மாசமே மறுபடி நின்றுபோவதும் உண்டு.

ஆச்சிக்கு இரண்டு மாசம் அலைந்தோம். தனியாக இருக்கும் முதியவர் என்று காட்டி அந்தியோதயாவுக்கு மாற்றினோம். அரிசிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பச் சான்றும் வாங்கினோம். பிசான அறுப்பு முடிந்த சமயம் மறுபடி போனேன். முறம் மடியில் அப்படியே இருந்தது. அதே கேள்வியைக் கேட்டேன்.

"முருங்கைக்கீரையும் பருப்பும் போட்டு வச்சேன் டீச்சர். உப்புதான் ஒரு கல்லு கூடிட்டு. உள்ள சட்டியில கெடக்கு, எடுத்துப் பாரேன்."